நீலக் கிளிப்பு

இஸ்திரி மேசையில் அவருடைய வெள்ளைச் சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டு, பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் பெரியவள். முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து, "இன்னைக்குப் போய் நீ ஏன் தேய்க்கணும், குடு நாங்க பாத்துக்கறோம்" என்று கையைப் பிடித்தார்கள். ஊரார் சட்டையெல்லாம் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை இறங்கிப்போனவள், கட்டிய புருஷன் சட்டையை மட்டும் இன்னொருத்தியிடம் கொடுத்துவிடுவாளா? "தள்ளுங்க" என்று ஒரே சொல்லில் எல்லோரையும் விரட்டினாள்.

முன்பக்கம் லாண்டரி, பின்பக்கம் வீடு. யார் வந்தாலும் கடை வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரையும் இஸ்திரி மேசையில் இருந்தபடியே பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் அவர் வரைபடம் போட்டுக் காலம் தள்ளிய நகராட்சி ஆபீசிலிருந்து சிலர் வந்தார்கள். அதற்கப்புறம் ஒரு கூட்டம் வந்தது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் சேறு படிந்த செருப்புமாக, சுற்றுலாப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி வாசலில் நின்று விழித்தார்கள். அத்தனை பேர் சட்டையிலும் நெஞ்சுப் பக்கம் ஒரு துணிக் கிளிப்பு குத்தியிருந்தது.

மரக் கிளிப்பு. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள் என்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்டுக்கு அடியிலும் தெரிகிற மாதிரி, இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் சுட்ட ஒரு கறுப்புப் புள்ளி. கடை அடையாளத்துக்காக அந்தப் புள்ளி வைத்தவள் பெரியவளேதான். கடைக் கிளிப்பு மாயமாய் மறைகிறது என்று வேலைக்கு வந்த பெண்களை எத்தனை முறை வறுத்தெடுத்திருப்பாள்! ஒருத்தி அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். திருடன் வீட்டுக்குள்ளேயே, பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இது என்று புரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குள் நடக்கக் கிளம்பிவிடுவார். ஊரின் மேற்கு மேட்டில் விழுகிற மழை எப்படிச் சந்துக்குச் சந்து சேர்ந்து ஓடையாகி, தெருவுக்கு அடியில் புதைந்து, கடைசியில் கடலில் போய் விழுகிறது என்று வழி நெடுகக் காட்டிக்கொண்டே போவாராம். ஊரில் அவருக்கு 'ஓடைக்காரர்' என்றே பெயர். கடைக்கு ஞாயிறுதான் கூட்டம் அதிகம். பெரியவள் ஒரு நாளும் போனதில்லை. அவரும் வா என்று கூப்பிட்டதில்லை.

குட்டையாக, கணீரென்ற குரலுடன் ஒரு பெண் முன்னால் வந்து பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பல் டாக்டராம்.

"காலைல வழக்கம்போல மேட்டுல வந்து நின்னோம்மா. சார் வரல. எப்பவும் எங்களுக்கு முன்னாடி வந்து நிப்பாரு. போன் பண்ணினாத்தான் தெரியுது, ராத்திரியே இப்படின்னு" என்று தேம்பினாள். பிறகு சுற்றிலும் தொங்கிய துணிகளைப் பார்த்துவிட்டு, "லாண்டரி வச்சிருக்கீங்களா! சார் சொன்னதே இல்லையே" என்றாள்.

"என்ன சொல்லுவாரு?"

"அய்யோ, என்னதான் சொல்ல மாட்டாரு! வாய் ஓயாதே அவருக்கு."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. வாய் ஓயாதா? வீட்டில் அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். "சரி", "பாக்கலாம்", "வெந்நீர் இருக்கா." இந்த ஜனங்களிடம் மட்டும் கொட்டித் தீர்த்திருக்கிறார்! பல் டாக்டர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெரு பாம்பு மாதிரி வளைந்திருக்கிறதே, அது ஏன் தெரியுமா, ஓடை அப்படி வளைந்துதான் ஓடியது, வீடு கட்டியவன் அதன் கரையிலேயே கட்டிவிட்டான். இதைச் சொல்லும்போது சார் தானும் வளைந்து வளைந்து நடந்து காட்டுவாராம், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம்.

அவர் வளைந்து நடந்து பெரியவள் பார்த்ததில்லை. இடுப்பு வலி என்றுதான் வீட்டில் பார்த்திருக்கிறாள்.

"கிளிப்பு எதுக்கு?" என்று கேட்டாள். பெட்டி சூடாகி, சட்டைக் கை லேசாகப் பழுத்துவிட்டது. சட்டென்று தூக்கினாள்.

"அதாம்மா எங்க பந்தயம்! மேட்டுல ஓடை ஆரம்பிக்கற இடத்துல ஆளுக்கு ஒரு கிளிப்ப தண்ணியில விடுவோம். 'தண்ணி நடக்கற வேகத்துல நாம நடக்கணும், அத முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது'ம்பாரு சார். கடைசில கடல் வாய்ல போய் நின்னு பாப்போம், யாரோடது வந்து சேருதுன்னு. எங்களது இப்பல்லாம் ஒண்ணும் வர்றதில்ல, எங்கயாவது மாட்டிக்கும். சாரோடது நீலம். அது மட்டும் எப்படித்தான் வருமோ, எல்லா வாரமும் டாண்ணு வந்துடும்! அதப் பாக்கவே நான் ஒரு வாரம்கூட விடாம வருவேன்."

கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவள் மட்டும் பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். வீட்டில் அவர் பேசிய கொஞ்சத்தில் ஒன்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஓடை கடலுக்குப் போகிற வழியில் உள்ள பம்பிங் ஸ்டேஷனில் புதிதாகக் கம்பி வலை போட்டபோது சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார். "தீக்குச்சி கூடத் தாண்டாது இனிமே. கடலுக்கு வெறும் தண்ணிதான் போகும்." தீக்குச்சி தாண்டாத இடத்தை நீலக் கிளிப்பு தாண்டுகிறது என்றால், தாண்டவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் நின்று தண்ணீரில் விடுகிறார்கள்.

யார் அது?

ஊரே அழுதுகொண்டிருக்கும்போது புருஷனைப் பறிகொடுத்தவளின் மனத்தில் இந்தக் கேள்விதான் ஓடியது என்றால் நம்பத்தான் வேண்டும். சட்டையை மடித்து எடுத்துப்போய் உள்ளே கொடுத்தாள். போட்டு விட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்து, "யாரு?" என்று கேட்க நாக்கு துடித்தது.

வண்டி கிளம்பியபோது அவளுக்குப் பக்கத்தில் தங்கை வந்து ஒட்டிக்கொண்டாள். சின்னவள் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கடலோரத்தில் படகுகளுக்கும் லாரிகளுக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் கொட்டகை ஒன்றை வைத்திருந்தாள். ராத்திரி செய்தி போனதும் தையல் ஊசியைக்கூடச் சட்டையிலிருந்து எடுக்காமல் ஓடி வந்தவள். அழுது அழுது முகம் வீங்கி, அக்காவைவிட அவள்தான் துக்கக்காரி மாதிரி இருந்தாள்.

வண்டி மெல்லப் போயிற்று. நடைக்காரர்கள் பின்னால் நடந்தார்கள். சந்தை முனையில், நடு ரோட்டில், அந்தக் கூட்டம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பாதாளச் சாக்கடை மூடியைச் சுற்றி விலகி நடந்தது. ஒருத்தர் குனிந்து காதை வைத்துவிட்டு எழுந்து ஓடி வந்தார்.

"இது என்ன கூத்து?" என்றாள் பெரியவள்.

"அங்கதான் அடியில ஓடை திரும்புதுக்கா" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "காத வச்சா சத்தம் கேக்கும். மாமா எல்லாரையும் கேக்க வைப்பாரு."

பெரியவள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். இவளும் அந்த நடைக்குப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகையை விட்டு நகரமுடியாது என்று சொல்வாள்.

அடக்கம் முடிந்து கை கழுவும் இடத்தில் சின்னவள் கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள். கைக்குட்டையோடு சேர்ந்து ஒரு நீலக் கிளிப்பு வந்து தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சின்னவள் குனிவதற்குள் பெரியவள் எடுத்துவிட்டாள். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

 வீடு வந்ததும் பெரியவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, ஈரப் போர்வைகள் காயும் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எவ்வளவு நாளா?"

"என்னக்கா..."

"அக்கா நொக்கான்னா கன்னத்துல வச்சுடுவேன். எவ்வளவு நாளா?"

"அந்தக் கம்பி வலை போட்டதுல இருந்து" என்றாள் சின்னவள் போர்வையைப் பார்த்துக்கொண்டு. "அந்த வாரம் ஒண்ணுமே வரல. பிள்ளைங்க கூட வந்திருந்துச்சுங்க. எல்லாருக்கும் மூஞ்சி தொங்கிப்போச்சு. மாமா என் கொட்டகைக்கு ஓடி வந்து, 'அடுத்த வாரம் ஒரே ஒரு தடவ உதவி பண்ணு'ன்னாரு. நானும் சரின்னேன். அப்புறம் விட முடியல. அவங்க அவ்வளவு சந்தோஷப்பட்டாங்கக்கா. எப்படி வேணாம்னு சொல்றது?"

"என்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரல?"

"மாமா வேணாம்னாரு."

"ஏன்?"

"உங்கக்காவுக்குத் தெரிஞ்சா கிளிப்புக்குக் கணக்குக் கேப்பான்னு சிரிச்சாரு."

பெரியவளுக்குப் பற்றி எரிந்தது. வேறு விஷயமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தாள். அந்த வேறு விஷயமாக இருந்தால் தங்கையின் கொண்டையைப் பிடித்து ஆட்டலாம், தெருவைக் கூட்டலாம், சொந்தபந்தம் அத்தனையும் இவள் பக்கம் நின்றிருக்கும். ஒரு துணிக் கிளிப்புக்காக யாரைப் போய் அடிப்பது? கேட்டால் சிரிப்பார்கள். அதுவும் அவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

"எப்படி விடுவ? சொல்லு."

"வாய்க்கால் கடல்ல விழற இடத்துல படி இருக்கு. அதுல கீழ இறங்கி நிப்பேன். மேல சுவர். அவங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி மாமா மட்டும் வேகமா வந்து சுவர் மேல எட்டிப் பாப்பாரு. நான் நிக்கறேனான்னு பாத்துட்டுத் தலைய ஆட்டுவாரு. உடனே விட்ருவேன். விட்டுட்டுக் குழாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க கை தட்டிட்டுப் பஸ் ஏறிடுவாங்க."

"அவரும் பஸ் ஏறிடுவாரா?"

"சில நாள் டீ குடிச்சுட்டுப் போவாரு."

சில நாள். பெரியவள் அந்த இரண்டு சொல்லையும் வாயில் போட்டு மென்றாள். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வரும்போது அவள் சூடாக டீ வைத்திருப்பாள். 'வேணாம், வழியில குடிச்சேன்' என்பார். அவளும் நாலு பேரோடு டீக்கடையில் குடித்திருப்பார் என்று எடுத்துக் கொட்டிவிடுவாள்.

கடைப் பக்கம் பல் டாக்டரின் குரல் கேட்டது. நடைக்காரர்கள் போகாமல் நின்றிருந்தார்கள். இன்றைக்கும் நடந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்களாம். சார் இல்லாமல் போனாலும் சார் பாதையில் ஒரு முறை. "நீங்க எங்களுக்கு முன்னாடி நடக்கணும்மா. சாருக்காக நீங்கதான் மேட்டுல நீலக் கிளிப்ப விடணும்" என்றாள்.

"நான் இல்ல" என்றாள் பெரியவள். பின்னாலேயே வந்து நின்ற தங்கையைக் கை காட்டினாள். "இவ வருவா. இவளுக்கு அவர் பாதை தெரியும். நான் நேரா கடலுக்கு வந்துடறேன்."

சின்னவள் பதறிப்போய் அக்காவை ஓரமாக இழுத்தாள். "அக்கா, வேணாம். அங்க ஒரே சகதி. படியெல்லாம் வழுக்கும். உனக்கு முட்டி வேற வலிக்கும்."

"என் முட்டி எனக்குத் தெரியும்."

"அப்ப கிளிப்ப குடு. நான் யாரையாவது—"

"இது என் கிளிப்பு" என்றாள் பெரியவள். "புள்ளிய பாரு. என் பெட்டியில சுட்டது."

மேட்டில் விடுவதற்கு வேறொரு கிளிப்பைப் பல் டாக்டரே நீலம் பூசிக் கொடுத்தாள். கூட்டம் புறப்பட்டது. சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பெரியவள் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். புருஷனை அடக்கம் செய்த அன்றே எங்கே கிளம்பிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும்.

தார்ப்பாய்க் கொட்டகை பூட்டாமல் கிடந்தது. நேரம் இருந்ததால் உள்ளே போனாள். போகாமல் இருந்திருக்கலாம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன் மேல் பச்சைத் தார்ப்பாயில் தைத்த மெத்தை, நடுவில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கியிருந்தது. இடுப்புக்கு முட்டுக்கொடுக்க ஒரு சின்னத் தலையணையும் தைத்துக் கட்டியிருந்தாள் சின்னவள். பெரியவள் வீட்டில் அவருக்கென்று இருந்த நாற்காலியில் எந்நேரமும் வாடிக்கையாளர் துணி மலையாகக் கிடக்கும். அவர் வந்ததும் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார். 'அத எடுத்து வச்சிட்டு உக்காருங்களேன்' என்று அவளும் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொல்வாள்.

ஸ்டூலில் உட்காரலாமா என்று நினைத்தாள். உட்காரவில்லை. தையல் மெஷின் மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அந்த மெத்தையை நாலு வெட்டு வெட்டினால் தேவலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

படி வழுக்கத்தான் செய்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். பெரிய சிமெண்ட் குழாய் ஒன்றிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டி, கொஞ்ச தூரம் வாய்க்காலாக ஓடிக் கடலுக்குள் போனது. நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஊரிலுள்ள அத்தனை தெருவும் கழுவிய தண்ணீர். அவள் லாண்டரியில் அலசிக் கொட்டுகிற சோப்புத் தண்ணீரும் எங்கேயோ ஒரு சந்தில் சேர்ந்து இங்கேதான் வந்து விழவேண்டும். இத்தனை வருஷமாக யோசித்ததே இல்லை. கணுக்கால்வரை தண்ணீர் நனைக்க, கடைசிப் படியில் நின்றாள்.

காத்திருக்கக் காத்திருக்கக் கோபம் ஏறியது. விடாமல் இருந்தால் என்ன? கிளிப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால்? மேலே நின்று அந்தக் கூட்டம் கழுத்து வலிக்கப் பார்க்கட்டும். ஒன்றும் வராது. மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று முதலில் சொல்வார்கள். அப்புறம் யாராவது ஒரு புத்திசாலி கம்பி வலையைப் பற்றி விசாரிப்பான். வாராவாரம் ஏமாந்தது தெரியும். வாய் ஓயாமல் பேசியவரின் வேஷம் கலையும். தன்னை ஏமாற்றியது போல அவர்களையும்தான் ஏமாற்றியிருக்கிறார், தெரியட்டுமே. அப்படி நினைத்தபோது பெரியவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கிளிப்பை இடுப்பில் செருகிவிட்டாள்.

தூரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. பல் டாக்டரின் கணீர்க் குரல் மற்றதையெல்லாம் மிஞ்சிக்கொண்டு வந்தது. போய்விட வேண்டும் என்று திரும்பினாள். முட்டி பிடித்துக்கொண்டது. படியில் ஒரு காலும் தண்ணீரில் ஒரு காலுமாக நின்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவர் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

கூட்டத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடி வந்த சின்னவள் அது. மூச்சிரைத்தது. மேட்டிலிருந்து வெயிலில் நடந்து, காய்ந்து கருத்துப்போயிருந்தாள். அக்கா கீழே நிற்கிறாளா என்று தேடினாள். பார்த்துவிட்டாள். பார்த்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, மோவாயை மட்டும் மெல்ல மேலே தூக்கி ஆட்டினாள்.

பெரியவளுக்கு அந்த அசைவு தெரியும். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன ஆபீசில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கி நின்றபோது, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் இப்படித்தான் தலையைச் சாய்த்து, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார். அது உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த அசைவு என்று நினைத்திருந்தாள். எந்தக் காலத்திலோ அதை வீட்டில் காட்டுவதை அவர் விட்டுவிட்டார். அல்லது இவள்தான் பெட்டியிலிருந்து நிமிரவில்லை. இங்கே வாராவாரம் காட்டியிருக்கிறார். பார்த்துப் பார்த்து, தனக்கே தெரியாமல் சின்னவளுக்கு அது வந்துவிட்டது. தங்கை முகத்தில் அவர் ஒரு நொடி வந்து போனார்.

எரிந்தது. முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. அந்த முகத்தை இன்னும் ஒரு நொடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

இடுப்பிலிருந்து கிளிப்பை உருவினாள். குனிந்து, தண்ணீருக்குள் கையை வைத்து, விரல்களைத் திறந்தாள். கிளிப்பு போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் காகிதத்தில் மோதி, அங்கேயே சுற்றியது. அவள் தண்ணீரைத் தள்ளிவிட்டாள். ஒரு திருப்பம் திரும்பி, நீலம் மேலே தெரிய மெல்ல நகர்ந்தது. சின்னவள் சொன்னபடியே பெரியவள் குழாய்க்குப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மேலே ஒவ்வொன்றாகத் தலைகள் வந்தன.

"அதோ! அதோ! சாரோடது!" என்று பல் டாக்டர் அலறினாள். "வந்துடுச்சு பாருங்க! இன்னைக்கும் வந்துடுச்சு!"

கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். சுவர் நெடுகக் கழுத்தை நீட்டிக்கொண்டு, கிளிப்பு கடலுக்குள் போகிற திசையிலேயே அத்தனை பேரும் பார்த்தார்கள். சின்னவள் மட்டும் அங்கே பார்க்கவில்லை. குழாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஈரக் கையைத் தூக்கி, போ, அவர்களோடு போ என்று பெரியவள் சைகை காட்டினாள். சின்னவள் போகவில்லை.